கிளைக் கணக்கை எங்கே கூட்டுவது: குரூப் பையா, விண்டோவா, எக்செலா, தொகுப்பு டேபிளா?

சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவர், பினாங்கு லெபோ பசாரில் மசாலாச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கடையில் கணக்குப் பார்க்கும் அக்கா. கடைக்குப் பட்டர்வொர்த்திலும் சுங்கை பட்டாணியிலும் கிளை உண்டு. “தம்பி, கிளைவாரியா மொத்தம் வேணும். ஆனா அது பக்கத்துலயே ஒவ்வொரு பில்லும் தெரியணும். குரூப் பை போட்டா பில்லெல்லாம் காணாமப் போயிடுது. பேசாம எக்செல்லயே போட்டுக்கவா?” என்றார். இரண்டாவது, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போயிருக்கும் என் அத்தை மகன். ‘சம்மரி டேபிள்’, அதாவது தொகுப்பு டேபிள் ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை, சொன்னவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. மூன்றாவது, பூமாலைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். அவர் கதை வேறு மாதிரி, பிறகு வருகிறேன்.

ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். டேட்டாபேஸில் கிடக்கும் பில்களைக் கூட்ட நான்கு வழி: குவியலுக்கு ஒரு வரியாகச் சுருக்கும் குரூப் பை, வரிகளை அப்படியே வைத்துப் பக்கத்தில் மொத்தம் காட்டும் விண்டோ ஃபங்ஷன், எக்செலில் இழுத்துப்போட்டுக் கூட்டும் பிவட், முன்கூட்டியே கூட்டி வைத்த தொகுப்பு டேபிள். முதல் இரண்டும் குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் எஸ்க்யூஎல் மொழியில் கேட்கும் கேள்வி. குவெரிச் சொற்களை வாயில் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் முதலில் கேட்பது, வேகம் எப்படி என்றல்ல. விடையில் ஒரு வரி என்பது எதைக் குறிக்க வேண்டும் என்றுதான் கேட்பேன். ஒரு வரி ஒரு கிளையா, ஒரு கிளையின் ஒரு நாளா, ஒரு பில்லா? இதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் எந்த வழியைப் பிடித்தாலும் கணக்கு இடறும்.

அடுத்தது, விவரமும் மொத்தமும் ஒரே தாளில் வேண்டுமா என்பது. அக்காவின் சிக்கல் முழுவதும் இதுதான். அப்புறம், இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டு விடப்போகிறீர்களா, தினமும் காலையில் கேட்கப்போகிறீர்களா? விடை இந்த நிமிடத்து நிலவரமாக இருக்க வேண்டுமா, நேற்று இரவு வரைக்கும் போதுமா?

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று: தப்பானால் அது கண்ணுக்குத் தெரியுமா? கத்திக்கொண்டு விழும் குவெரி நல்ல குவெரி. சத்தமில்லாமல் தப்பான எண்ணைக் கொடுப்பதுதான் ஆபத்து. நான்கு வழிகளில் இதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

| | குரூப் பை | விண்டோ ஃபங்ஷன் | எக்செல் பிவட் | தொகுப்பு டேபிள் |
|---|---|---|---|---|
| விடையில் ஒரு வரி | ஒரு குவியல் | மூல டேபிளின் ஒவ்வொரு வரியும் | இழுத்து வைக்கிறபடி | முன்பே முடிவு செய்தது |
| விவரமும் மொத்தமும் ஒன்றாக | வராது | வரும் | சொடுக்கினால் வரும் | வராது |
| எத்தனை தடவைக்கு ஏற்றது | ஒன்றோ ஆயிரமோ | ஒன்றோ ஆயிரமோ | ஒன்றிரண்டு | தினமும், பலரும் பார்ப்பது |
| எவ்வளவு புதுசு | இந்த நொடி | இந்த நொடி | ஃபைல் எடுத்த நேரம் | கடைசியாகப் புதுப்பித்த நேரம் |
| தப்பு தெரியுமா | பாதி தெரியும் | கொஞ்சம் | தெரியாது | தெரியவே தெரியாது |
| பராமரிப்பு | இல்லை | இல்லை | ஃபைல் பெருகும் | எப்போதும் உண்டு |

## குரூப் பை

செலக்ட் கிளை, கவுண்ட்(*), சம்(தொகை)
ஃப்ரம் பில்
வேர் தேதி >= '2025-10-01' அண்ட் தேதி < '2025-11-01'
குரூப் பை கிளை

மிளகாயை ரகவாரியாகச் சாக்கில் கட்டுவது போலத்தான் இது. சாக்குக்கு எத்தனை கிலோ, எத்தனை சாக்கு என்றெல்லாம் கேட்கலாம். கட்டிய பிறகு “அந்த நீள மிளகாய் எங்கே?” என்று கேட்டால் பதில் இல்லை. அக்கா பில் எண்ணையும் செலக்டில் சேர்த்தபோது டேட்டாபேஸ் மறுத்தது அதனால்தான். ஒரு கிளைக்கு நூற்றுக்கணக்கான பில் எண்கள் இருக்கும்போது எதைக் காட்டுவது?

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய பதிப்புகள் மறுக்காது. ஏதோ ஒரு பில் எண்ணை எடுத்துப் போட்டுவிடும். 5.7 பதிப்பிலிருந்து ‘ஒன்லி ஃபுல் குரூப் பை’ என்ற கட்டுப்பாடு இயல்பாகவே இயங்குகிறது. பதிப்பை மாற்றியதும் ரிப்போர்ட்டெல்லாம் எரர் கொடுக்கிறது என்று அந்தக் கட்டுப்பாட்டை அணைத்து வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப்போவது போன்ற வேலை.

வேர், ஹேவிங் குழப்பத்துக்கு ஒரு வரி போதும்: சாக்கில் போடுமுன் பொறுக்கி எறிவது வேர், கட்டிய சாக்குகளில் எதை வைத்துக்கொள்வது என்பது ஹேவிங்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பெரியது, ஜாயின் போட்ட (இரண்டு டேபிளை இணைத்த) பிறகு கூட்டுவது. என் அனுபவத்தையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கு ரிப்போர்ட் செய்து கொடுத்தேன். பில் டேபிளில் ஒரு பில், மொத்தம் 48.50 ரிங்கிட். அந்தப் பில்லில் மூன்று சாமான்: சோம்பு, கசகசா, ஒரு மூட்டை துவரம் பருப்பு. சாமான் பெயரும் வேண்டும் என்று பில் டேபிளையும் பில்_சாமான் டேபிளையும் இணைத்தேன். ஒரு பில் மூன்று வரியாக விரிந்தது. ஒவ்வொரு வரியிலும் 48.50. அதன்மேல் சம் போட்டால் 145.50. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. நான் பெருமையாக நீட்டிய தாளைத் தவுக்கே (கடை முதலாளி) கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, இவ்வளவு வித்திருந்தா நான் ஏன் இன்னும் அந்தப் பழைய வேனை ஓட்டிக்கிட்டு இருக்கேன்?” என்றார்.

தீர்வு எளிது: முதலில் தனியாகக் கூட்டு, பிறகு இணை. சாமான் டேபிளைப் பில் எண்படி குரூப் செய்து ஒரு பில்லுக்கு ஒரு வரியாக்கிவிட்டு, அதைப் பில் டேபிளோடு சேர்க்க வேண்டும். ‘சம்’முக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒரு தடவை மட்டும் எடுப்பது) போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஒரே தொகைக்கு இரண்டு பில் வந்தால் அதில் ஒன்று காணாமல் போகும். வேண்டாம்.

இரண்டாவது செலவு, நல்: எதுவும் பதியாத வெற்றிடம். பெயர்தான் நல், செய்யும் வேலை அவ்வளவு நல்லதல்ல. உறுப்பினர் அட்டை இல்லாமல் வாங்குகிறவர்களுக்கு வாடிக்கையாளர் எண் இருக்காது. அந்த ஃபீல்டை வைத்து குரூப் செய்தால், வாசலில் வந்துபோன அத்தனை பேரும் ஒரே குவியலில் விழுவார்கள். அந்தக் குவியல்தான் உங்கள் ‘மிகச் சிறந்த வாடிக்கையாளர்’ என்று ரிப்போர்ட் சொல்லும். கவுண்ட்(*) எல்லா வரிகளையும் எண்ணும். கவுண்ட்(வாடிக்கையாளர்) நல்லை விட்டுவிட்டு எண்ணும். சராசரி எடுக்கும் ஏவிஜியும் நல்லைக் கணக்கில் சேர்க்காது, அதாவது அதைப் பூஜ்ஜியமாக நினைக்காது.

விற்பனையே இல்லாத நாள் என்ன ஆகும்? தீபாவளியன்று கடை அடைப்பு. குரூப் பை அந்த நாளுக்கு ‘0’ என்று வரி போடாது, வரியே இருக்காது. தினமும் ஒரு வரி வேண்டும் என்றால், நாள்காட்டி மாதிரி ஒரு டேபிள் வைத்துக்கொண்டு அதிலிருந்து லெஃப்ட் ஜாயின் (நாள்காட்டியின் எல்லா வரியையும் விடாமல் வைத்து இணைப்பது) போட வேண்டும். அதிலும் ஒரு கண்ணி: அங்கே கவுண்ட்(*) போட்டால் மூடிய நாளுக்கும் ‘1’ என்று வரும், நாள்காட்டியின் வரி இருக்கிறதே! பில் எண்ணை எண்ணினால்தான் 0 வரும்.

கல்லாவோடு ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் பில் மொத்தத்தை அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்குகிறோம். சாமான் விலைகளைக் கூட்டினால் 48.52 வரும் பில்லுக்கு ரொக்கமாக 48.50 வாங்குவார்கள், அதே பில்லைக் கார்டில் கட்டினால் 48.52 அப்படியே போகும். ஆக, சாமான் டேபிளைக் கூட்டினால் ஒரு தொகை, கட்டிய பணத்தைக் கூட்டினால் வேறு தொகை. ஒரு பில்லுக்கு அதிகம் போனால் 2 காசுதான். மூன்று கிளையிலும் சேர்த்து நாளைக்கு 900 பில் என்றால், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்கூட 18 ரிங்கிட்தான் வரும். அதற்குமேல் வித்தியாசம் இருந்தால் முழுமையாக்கலைக் குறை சொல்லாதீர்கள், ஜாயினைத் தேடுங்கள்.

கிளை மொத்தங்களுக்குக் கீழே ஒரு பெரிய மொத்தமும் வேண்டும் என்றால் ரோல்அப் இருக்கிறது. டேட்டாபேஸுக்கு டேபேஸ் இது மாறும்: போஸ்ட்கிரெஸ்ஸில் 9.5-லிருந்து உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் ‘வித் ரோல்அப்’, எஸ்க்யூலைட்டில் இல்லை. மொத்த வரியில் கிளைப் பெயர் நல்லாக வரும். உண்மையிலேயே கிளை பதியாத பில்கள் இருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிரித்துக்காட்ட குரூப்பிங்() என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

எப்போது இதுவே சரி: கேள்வி “கிளைக்கு எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு” என்று இருந்தால். என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன.

## பூக்கடையின் வெள்ளிக்கிழமை

பூக்கடை அண்ணனின் கதைக்கு வருகிறேன். எந்த வழியை எடுத்தாலும் இது எல்லோருக்கும் வரும்.

அவர் கடை காலை 5.30-க்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை காலைதான் பெரிய வியாபாரம். கோயிலுக்கும் வீட்டுப் பூஜைக்கும் மாலை கேட்டு வரிசை நிற்கும். ஆனால் அவருடைய ரிப்போர்ட்டில் வியாழக்கிழமைதான் உச்சம், வெள்ளி சுமார். “நான் கண்ணால பார்க்கிறேன், மெஷின் வேற சொல்லுதே” என்றார். மெஷினை நம்பி வெள்ளிக்குப் பூ குறைவாக வரவழைத்து இரண்டு வாரம் வாடிக்கையாளரிடம் திட்டும் வாங்கியிருக்கிறார்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. டேட்டாபேஸ் நேரத்தை யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கிறது; நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்குக் காலை 8 அடிக்கும்போதுதான் அங்கே நள்ளிரவு. அப்படியே தேதியை எடுத்து குரூப் செய்தால், வெள்ளி காலை 8 மணிக்கு முன் விற்ற மாலை எல்லாம் வியாழன் கணக்கில் ஏறும். லெபோ பசார் கடை காலை 9 மணிக்குமேல் திறப்பதால் அங்கே இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. ஒரே குவெரி ஒரு கடையில் சரி, இன்னொரு கடையில் தப்பு.

முதலில் நேரத்தைக் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றி, பிறகு தேதியைப் பிரித்து, அதற்குப் பிறகே குரூப் செய்ய வேண்டும். 24 மணி நேரமும் திறந்திருக்கும் மமாக் உணவுக் கடைகளுக்கு இன்னும் ஒரு படி உண்டு: அவர்களுக்கு ‘நாள்’ என்பது ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் முடிகிறது. விடியற்காலை 2 மணிக்கு ஆற்றிய தே தாரிக் எந்த நாளில் சேரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதற்கு எஸ்க்யூஎல்லில் பதில் கிடையாது.

## விண்டோ ஃபங்ஷன்

செலக்ட் கிளை, பில்_எண், தொகை,
சம்(தொகை) ஓவர் (பார்ட்டிஷன் பை கிளை)
ஃப்ரம் பில்

அக்காவுக்கு வேண்டியது இதுதான். பார்ட்டிஷன் பை என்பதும் குவியல் பிரிப்பதுதான், ஆனால் சாக்கைக் கட்டுவதில்லை. ஒவ்வொரு மிளகாயும் கண்முன் இருக்கும், அதன்மேல் ‘இந்தக் குவியலின் எடை இவ்வளவு’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். பில் வரி அப்படியே நிற்க, பக்கத்தில் அந்தக் கிளையின் மொத்தம் வரும். தொகையை அதால் வகுத்தால் அந்தப் பில் கிளை விற்பனையில் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்.

ஓவருக்குள் ஆர்டர் பை சேர்த்தால் ஓடும் மொத்தம் கிடைக்கும்: நேற்றுவரை எவ்வளவு, இன்றுவரை எவ்வளவு. லேக் போட்டால் முந்தைய வரியோடு ஒப்பிடலாம். ‘ஒவ்வொரு கிளையிலும் அதிகம் விற்ற மூன்று சாமான்’ என்ற கேள்விக்கு, குவியலுக்குள் வரிசை எண் போடும் ரோ_நம்பர். குரூப் பை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்யப் பார்த்து தலைமுடியைப் பிய்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

இதற்கும் விலை உண்டு. விண்டோவின் விடையை அதே குவெரியின் வேரில் பயன்படுத்த முடியாது; வேர், குரூப் பை, ஹேவிங் எல்லாம் முடிந்த பிறகுதான் விண்டோ கணக்கிடப்படுகிறது. ‘முதல் மூன்று மட்டும்’ வேண்டும் என்றால், வித் போட்டு ஒரு படி உள்ளே வைத்து, வெளியே வடிகட்ட வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

அதைவிட நுட்பமானது ஓடும் மொத்தத்தில் இருக்கிறது. தேதிப்படி ஆர்டர் பை செய்து விட்டுவிட்டால், ஒரே தேதியில் உள்ள எல்லாப் பில்களுக்கும் ஒரே ஓடும் மொத்தம் வரும், அதாவது அந்த நாள் முடிவின் மொத்தம். சமமான வரிகளை ஒன்றாகச் சேர்ப்பதுதான் இயல்பான எல்லை. பில் பில்லாக ஏற வேண்டும் என்றால் ‘ரோஸ் அன்பவுண்டட் பிரிசீடிங்’ என்று வெளிப்படையாக எழுதி, ஆர்டர் பையில் பில் எண்ணையும் சேர்க்க வேண்டும்.

பழைய மெஷின்களில் இது ஓடாது. விண்டோ ஃபங்ஷன் எஸ்க்யூஎல்லின் 2003 தரநிலையிலேயே வந்துவிட்டாலும் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 2009-லும் (8.4), மைஎஸ்க்யூஎல்லுக்கும் எஸ்க்யூலைட்டுக்கும் 2018-லும்தான் (8.0, 3.25) வந்தது. சில கடைகளில் பில் போடும் மெஷினுக்குப் பின்னால் இன்னும் மைஎஸ்க்யூஎல் 5.7 ஓடிக்கொண்டிருக்கும். அங்கே இந்த வழியைப் பேசிப் பயனில்லை.

இரண்டையும் சேர்த்தும் போடலாம். முதலில் கிளைவாரியாக குரூப் பை, அதன்மேல் சம்(சம்(தொகை)) ஓவர் () போட்டால் மூன்று கிளைகளின் மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்கும் தெரியும். சம்முக்குள் சம் என்று பார்க்கும்போது முதலில் விநோதமாக இருக்கும், பழகிவிடும்.

எப்போது இதுவே சரி: வரியை இழக்காமல் அதன் கூட்டத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால். தரவரிசை, ஓடும் மொத்தம், முந்தையதோடு வித்தியாசம் எல்லாம் இங்கேதான்.

## மாதம் என்ற குவியலே தப்பாக இருந்தால்

நம் ஊரில் மாதவாரியாகக் குரூப் செய்து சென்ற ஆண்டோடு ஒப்பிடுவது ஒரு கெட்ட பழக்கம். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. 2023-ல் கடைசி பதினொரு நாள் அலைமோதல் நவம்பரில் விழுந்தது. 2024-ல் அது முழுவதும் அக்டோபரில். மசாலாக் கடையின் அக்டோபர் கணக்கை இரண்டு ஆண்டுக்கும் வைத்துப் பார்த்தால் வியாபாரம் பிரமாதமாக ஏறிவிட்டது போலத் தெரியும், நவம்பரைப் பார்த்தால் கடையை மூடிவிடலாம் போலத் தோன்றும். இரண்டும் பொய். நோன்புப் பெருநாளும் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும்.

ஒரு சின்ன டேபிளில் பண்டிகைத் தேதிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பில்லுக்கும் ‘தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்’ என்று கணக்கிட்டு, அதை வைத்து குரூப் செய்யுங்கள். பிறகு லேக் போட்டு அதே வாரத்தைச் சென்ற ஆண்டோடு ஒப்பிடலாம். டேபிளில் ஆண்டுக்கு ஒரு வரிதான். கைக்கு வேலையே இல்லை, ஆனால் கணக்கின் முகமே மாறிவிடும்.

## எக்செல் பிவட்

எக்செலைக் கேலி செய்கிற புரோகிராமர் கூட்டத்தில் நான் இல்லை. கேள்வி என்ன என்றே தெளிவாகாதபோது, இழுத்து, திருப்பி, புரட்டிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தவுக்கே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து “அதை இங்க வை, இதை அங்க வை” என்று சொல்லச் சொல்லச் செய்துகாட்டலாம். அப்படித் தெளிவான கேள்வியை எடுத்துக்கொண்டு குவெரிக்குப் போவதுதான் நான் செய்வது.

ஆனால் ஒரு ஷீட்டில் 1,048,576 வரிக்குமேல் நிற்காது. நாளைக்கு 900 பில் என்றால் ஆண்டுக்கு 328,500. தாங்கும். ஆனால் பில்லுக்கு ஐந்து சாமான் என்று விரித்தால் 1,642,500. தாங்காது. அப்படியே திறந்தால் மிஞ்சியதை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டும். ஓகே அழுத்தியவருக்கு ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை போனது தெரியாது.

தேதி இன்னொரு தலைவலி. நாம் நாள், மாதம் என்று எழுதுகிறோம். கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 03/10/2025 மார்ச் 10 ஆகிவிடும். 13/10/2025 தேதியாகவே ஆகாமல் வெறும் எழுத்தாக நிற்கும். மாதத்தின் முதல் 12 நாளில் ஒன்று தவிர (10/10 போல) எல்லாம் வேறு மாதங்களுக்குச் சிதறும், 13-க்குப் பிறகு உள்ளவை எதிலும் சேராது. எரர் ஒன்றும் வராது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் சாமான் எண்களும் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை இழக்கும்.

ஃபைல்கள் பெருகும். ‘அக்டோபர்’, ‘அக்டோபர்_புதுசு’, ‘அக்டோபர்_கடைசி’, ‘அக்டோபர்_இதுதான்_கடைசி’. எதை வைத்துத் தவுக்கேயிடம் பேசினோம் என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது. அந்த ஃபைலில் வாடிக்கையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தால் அது வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் சிக்கல்தான். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கூட்டுவதற்குப் பெயர் எதற்கு? வேண்டாத ஃபீல்டை எடுக்காமலே ஏற்றுமதி செய்யுங்கள்.

எப்போது இதுவே சரி: ஒரு தடவைக் கேள்வி, சிறிய தகவல், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆள். மூன்றாவது தடவை அதே ஃபைலைச் செய்கிறீர்கள் என்றால் அது குவெரியாக மாற வேண்டிய நேரம்.

## தொகுப்பு டேபிள்

இரவில் ஒரு வேலை ஓடி, அன்றைய விற்பனையைக் கிளைவாரியாக, நாள்வாரியாகக் கூட்டித் தனி டேபிளில் எழுதி வைக்கும். காலையில் ரிப்போர்ட் திறந்தால் லட்சக்கணக்கான பில்களைத் தொடாமல் சில நூறு வரிகளைப் படித்தால் போதும். போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கு மெட்டீரியலைஸ்டு வியூ (விடையைச் சேமித்து வைக்கும் குவெரி) 9.3-லிருந்து இருக்கிறது, ரெஃப்ரெஷ் செய்யும்வரை பழைய விடையையே காட்டும். வெறுமனே ரெஃப்ரெஷ் செய்தால் அந்த நேரத்தில் படிக்க வருபவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் செய்யும் ‘கன்கரன்ட்லி’ முறைக்கு ஒரு யுனீக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராத தேடல் பட்டியல்) கட்டாயம். மைஎஸ்க்யூஎல்லில் மெட்டீரியலைஸ்டு வியூ கிடையாது. சாதாரண டேபிளும் நேரம் வைத்த வேலையும் கொண்டு நீங்களேதான் கட்ட வேண்டும்.

வேகம் நிஜம். ஆனால் இது இரண்டாவது உண்மையை உருவாக்குகிறது, இரண்டும் ஒருநாள் பிரியும். பட்டர்வொர்த் கிளையில் ஒரு சாயங்காலம் லைன் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்கள் மெஷினிலேயே தங்கி, மறுநாள் காலை லைன் வந்ததும் நேற்றைய தேதியோடு ஏறும். இரவு வேலை நேற்றே ஓடி முடிந்துவிட்டது. அந்தப் பில்கள் மூல டேபிளில் இருக்கும், தொகுப்பில் ஒருநாளும் வராது. மூன்று நாள் கழித்து ஒரு பில் ரத்தானாலும் இதே கதைதான். நான் இப்போதெல்லாம் நேற்றை மட்டும் கூட்டுவதில்லை; ஒவ்வோர் இரவும் கடைசி ஏழு நாளை அழித்துவிட்டு மறுபடி கூட்டுகிறேன்.

சராசரியைச் சேமிக்கவே கூடாது. ஒரு கிளையில் 10 பில், சராசரி 90 ரிங்கிட். இன்னொன்றில் 90 பில், சராசரி 20. இரண்டு சராசரிகளின் சராசரி 55. உண்மையில் 900-ம் 1,800-ம் சேர்ந்து 2,700, நூறு பில்லுக்கு, சராசரி 27. பாதிக்கும் கீழே! கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியாகச் சேமியுங்கள், வகுப்பதைக் கடைசியில் செய்யுங்கள். ‘எத்தனை வெவ்வேறு வாடிக்கையாளர்’ என்பது இன்னும் மோசம். திங்களும் செவ்வாயும் வந்த ஒரே அம்மாவை இரண்டு பேராக எண்ணிவிடும். நாள் கணக்கைக் கூட்டி வாரக் கணக்கு ஆக்கவே முடியாது, மூல டேபிளுக்குத்தான் போக வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இன்டெக்ஸ்டு வியூ தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு பில் போடும்போதும் அந்த வேலையும் சேர்ந்து நடக்கும். கல்லாவில் வரிசை நிற்கும் கடைக்கு இது நல்ல பேரமா என்று யோசிக்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: பலர் நாள் முழுக்க ஒரே ரிப்போர்ட்டைத் திறக்கிறார்கள், தகவல் கோடிக்கணக்கில், நேற்றைய நிலவரம் போதும், பராமரிக்க ஓர் ஆள் இருக்கிறார். நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் கட்டமாட்டேன்.

ஆண்டுக்கு 328,500 பில் என்பது டேட்டாபேஸுக்குக் கடலை கொறிப்பது. தேதிமேல் ஒரு இன்டெக்ஸ் போட்டிருந்தால் ஒரு மாதக் கணக்கை நேரடி குரூப் பை நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் கொடுத்துவிடும். மெதுவாக இருக்கிறது என்று வருகிறவர்களிடம் முதலில் இன்டெக்ஸைப் பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடுகிறது.

## கேட்ட மூவருக்கு

அக்காவுக்கு விண்டோ. அவர்கள் கடையில் மைஎஸ்க்யூஎல் 8 இருந்ததால் பிழைத்தோம். குவெரியை ஒரு வியூவாக (பெயரிட்டுச் சேமித்த குவெரியாக) செய்து கொடுத்தேன். அதை எக்செலில் திறந்துதான் பார்க்கிறார், அதில் தப்பில்லை. கூட்டல் டேட்டாபேஸில் நடக்கிறது, நிறம் பூசுவது எக்செலில். முதல் நாள் அவர் செய்தது எனக்குப் பிடித்தது: சுங்கை பட்டாணியின் ஒரு நாள் பில் சுருளை எடுத்துவைத்து, கால்குலேட்டரில் தட்டி, குவெரியின் விடையோடு ஒத்துப்பார்த்தார். நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் இதை ஒரு தடவை செய்துவிடுங்கள்.

அத்தை மகனிடம், எத்தனை வரி, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். மெஷின் சென்சர்கள் நொடிக்கு ஒரு வரி அனுப்புகின்றனவாம். ஒரு சென்சருக்கு நாளைக்கு 86,400 வரி. சரி, அவனுக்குத் தொகுப்பு டேபிள் வேண்டும்தான். சராசரியை மட்டும் சேமிக்காதே என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

பூக்கடை அண்ணனுக்கு நேரத்தைத் திருத்தியதே போதுமானதாக இருந்தது. பழைய குரூப் பை அப்படியே ஓடுகிறது, வெள்ளி உச்சத்துக்கு வந்துவிட்டது. இப்போது புதுக் கேள்வியோடு வந்திருக்கிறார்: பௌர்ணமி, பிரதோஷ நாள்களுக்குத் தனிக் கணக்கு வேண்டுமாம். நாள்காட்டி டேபிளில் இன்னொரு ஃபீல்டு சேர்த்தால் ஆயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். திதி நள்ளிரவில் மாறுவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.